எக்ஸிமாவை வீட்டில் சமாளிப்பது: பெங்களூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அல்சூர் பக்கம் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்டாக இருக்கிறேன். டாக்டர் அறையில் கேட்கத் தயங்கியதை எல்லாம், சீட்டை நீட்டிவிட்டு எங்களிடம்தான் கேட்பார்கள். நான் தமிழ் பேசுகிறவள் என்று தெரிந்துவிட்டால் கேள்வி இன்னும் ரெண்டு கூடும். எக்ஸிமா விஷயத்தில் வருகிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். கேட்டவர்கள் வாயில் வந்தபடியே எழுதி, கீழே பதில் போட்டிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. இது எக்ஸிமாதான் என்று ஒரு டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகு வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் இங்கே விஷயம்.

எக்ஸிமான்னா ரத்தம் கெட்டுப்போச்சுன்னு அர்த்தமா? இல்ல உடம்புச் சூடா?

ரெண்டும் இல்லை. நாம் எக்ஸிமா என்று சொல்வது பெரும்பாலும் அட்டோபிக் டெர்மடைடிஸ். தோலின் மேலடுக்கை ஒரு செங்கல் சுவராக நினைத்துக்கொள்ளுங்கள். செல்கள்தான் செங்கல், இடையில் இருக்கும் கொழுப்புதான் பூச்சு. எக்ஸிமா உள்ளவர்களுக்கு அந்தப் பூச்சு சரியாக இருப்பதில்லை. உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறிவிடும். வெளியே இருக்கும் சோப்பு, தூசி, கிருமி உள்ளே நுழைந்து தோலைக் கிளப்பிவிடும். அரிக்கும், சொறிவோம், சொறிந்த இடம் இன்னும் கெடும்.

ஃபிலாக்ரின் என்ற தோல் புரதத்தின் மரபணுக் கோளாறுக்கு இதில் பெரிய பங்கு உண்டு என்று 2006-ல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அப்பாவுக்கு வீசிங், சித்திக்குக் காலையில் அடுக்குத் தும்மல், பையனுக்கு எக்ஸிமா என்று ஒரே வீட்டில் இருப்பது சகஜம். ரத்தத்தைச் சுத்தம் செய்கிற டானிக்குக்கு இங்கே வேலையே இல்லை.

இன்னொன்று. படங்களில் காட்டுகிற மாதிரி நம் நிறத்தில் சிவப்பாகத் தெரியாது. பழுப்பாக, சாம்பலாக, கொஞ்சம் ஊதா கலந்த மாதிரி, சில குழந்தைகளுக்குச் சின்னச் சின்னக் குருக்களாகத் தெரியும். சிவக்கவில்லையே, லேசாகத்தான் இருக்கும் என்று விட்டுவிடாதீர்கள். விரலால் தடவினால் சொரசொரப்பும் தடிப்பும் தெரிந்துவிடும்.

இது ஒட்டுமா? ஸ்கூல்ல மிஸ் பொண்ணைத் தள்ளி உட்கார வெச்சிட்டாங்க.

ஒட்டாது. தொட்டாலும், ஒரே தட்டில் சாப்பிட்டாலும், ஒரே டவலில் துடைத்தாலும் எக்ஸிமா வராது. டாக்டரிடம் நாலு வரி எழுதி வாங்கிக்கொண்டு போய் மிஸ்ஸிடம் கொடுங்கள். வாய்ப்பேச்சைவிட அந்தச் சீட்டுக்கு மதிப்பு அதிகம்.

அது சரி, ஆனா இது படர்தாமரையா, சிரங்கா, எக்ஸிமாவான்னு எப்படித் தெரிஞ்சிக்கிறது?

மூன்றும் அரிக்கும், அதனால்தான் குழப்பம். எக்ஸிமா குழந்தைகளுக்குக் கன்னத்திலும், கொஞ்சம் வளர்ந்ததும் முழங்கை மடிப்பு, முழங்கால் பின்மடிப்பு, கழுத்து என்றும், பெரும்பாலும் ரெண்டு பக்கமும் வரும். படர்தாமரை வட்டமாகப் பரவும், ஓரம் தடித்து நடுவில் ஆறின மாதிரி இருக்கும், இடுப்பிலும் தொடை இடுக்கிலும் அதிகம். சிரங்கு என்றால் ராத்திரியில் அரிப்பு தாங்காது, விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் குரு இருக்கும், வீட்டில் ஒருத்தருக்கு வந்தால் எல்லாரும் சொறிவார்கள். சிரங்கும் படர்தாமரையும் ஒட்டும்.

இது ஒரு குத்துமதிப்புதான். படர்தாமரையின் மேல் எக்ஸிமா கிரீமைப் போட்டால் என்ன ஆகும் என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதனால் முதல் தடவையாவது தோல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

சென்னையில இருந்தவரைக்கும் ஒண்ணும் இல்ல. பெங்களூர் வந்து ஆறு மாசத்துல ஆரம்பிச்சிடுச்சு. ஊர் ஒத்துக்கலையா?

ஓரளவுக்கு ஆமாம். கடற்கரை ஊரில் காற்றே ஈரம். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பரிலிருந்து மார்ச் வரை காற்று காய்ந்து கிடக்கும். காலையில் குளிர், மதியம் சுள்ளென்று வெயில், தெருவெல்லாம் கட்டட வேலைத் தூசி. ஏற்கெனவே பூச்சு சரியில்லாத தோலுக்கு இது போதும். சென்னையில் மறைந்திருந்தது இங்கே வெளியே வருகிறது.

அதற்காக ஊரை விட்டுப் போக வேண்டியதில்லை. சென்னையில் வியர்வையால் அதிகமாகிறது என்று சொல்கிறவர்களும் உண்டு. இங்கே காய்ந்த மாதங்களில் மாய்ஸ்சரைசரைக் கெட்டியாக்குங்கள். ஜூன் மழைக்குப் பிறகு லேசானதுக்கு மாறலாம்.

தண்ணிதான் காரணம்னு எல்லாரும் சொல்றாங்க. எங்க அபார்ட்மென்ட்ல போர் தண்ணி, டேங்கர் தண்ணி. சாஃப்ட்னர் மெஷின் வாங்கலாமா?

இந்த ஊரில் அதிகம் கேட்கிற கேள்வி இதுதான். காவேரித் தண்ணீர் வருகிற வீட்டிலும் எக்ஸிமா இருக்கிறது என்பதை முதலில் மனதில் வையுங்கள். உப்புத் தண்ணீருக்குப் பங்கே இல்லை என்று சொல்ல முடியாது. அதில் சோப்பு நுரைக்காது, நாம் இன்னும் தேய்ப்போம், வெள்ளையாக ஒரு படிவு தோலிலேயே தங்கி அரிக்கும். தண்ணீர் கடினமாக உள்ள பகுதிகளில் குழந்தைகளுக்கு எக்ஸிமா கொஞ்சம் அதிகம் என்று வெளிநாட்டு ஆய்வுகள் சொல்கின்றன.

ஆனால் சாஃப்ட்னர் மெஷின் போட்டால் குறைகிறதா என்பதையே நேராகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் கடினத் தண்ணீர் உள்ள ஊர்களில் 336 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு 2011-ல் வெளிவந்தது. வழக்கமான மருந்தோடு மெஷினும் வைத்த வீடுகளுக்கும் மெஷின் இல்லாத வீடுகளுக்கும் எக்ஸிமாவில் வித்தியாசம் தெரியவில்லை. துணிக்கும் கீசருக்கும் நல்லது என்று வாங்கினால் சரி. எக்ஸிமாவுக்கென்று என்றால், அந்தக் காசில் வருஷக்கணக்கில் கிரீம் வாங்கலாம். மெஷினுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு, மாய்ஸ்சரைசரில் சின்ன டியூப் போதும் என்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது.

அப்போ குளிக்கவே கூடாதா?

தினமும் குளிக்கலாம். வெதுவெதுப்பான தண்ணீர், ஐந்து முதல் பத்து நிமிடம். ஜனவரியில் கீசரை முழுக்க வைத்து ஆவி பறக்கக் குளிப்பது சுகமாக இருக்கும், அரிப்பு அடங்கின மாதிரிகூடத் தோன்றும். அரை மணி நேரத்தில் ரெண்டு மடங்காகத் திரும்பி வரும். பீர்க்கங்காய் நாரும் வேண்டாம், கல்லும் வேண்டாம். குளித்ததும் டவலால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். உடம்பில் ஈரம் இருக்கும்போதே, மூன்று நிமிடத்துக்குள், மாய்ஸ்சரைசரைத் தடவிவிட வேண்டும். டப்பாவைப் படுக்கையறை அலமாரியில் வைத்தால் இது நடக்காது. பாத்ரூமிலேயே வையுங்கள்.

குளிக்கும் தண்ணீரில் ஊற்றுகிற எண்ணெய் பாட்டிலுக்குச் செலவு செய்ய வேண்டாம். அதனால் கூடுதல் பலன் இல்லை என்று பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2018-ல் காட்டிவிட்டது.

சோப்புக்குப் பதிலா கடலை மாவு, பயத்தமாவு, நலங்கு மாவு போடலாமா? குப்பைமேனி அரைச்சுப் பூசச் சொல்றாங்க.

சாதாரண சோப்புக் கட்டியின் பி.எச். அளவு, அதாவது காரத்தன்மையைக் காட்டுகிற எண், 9, 10 என்று இருக்கும். தோலுடையது 5 பக்கம். சோப்பை விடச் சொல்வது அதனால்தான். ஆனால் அந்த இடத்தில் மாவைக் கொண்டுவந்தால் அது உரசும். ஆரோக்கியமான தோலுக்கு நலங்கு மாவு ஒன்றும் செய்யாது, வெடித்த தோலில் சின்ன துகளும் கீறும். சோப்பில்லாத கிளென்சர், சிண்டெட் பார் என்று கேட்டு வாங்குங்கள். அதையும் அக்குள், தொடை இடுக்கு, கால் மட்டும் போட்டால் போதும், மற்ற இடத்துக்குத் தண்ணீரே போதும். பேபி சோப்பு என்று எழுதியிருந்தாலும் அது சோப்புதான். கிருமிநாசினி சோப்பும், தண்ணீரில் கிருமிநாசினி ஊற்றுவதும் வேண்டவே வேண்டாம்.

குப்பைமேனி, வேப்பிலை, மஞ்சள், எலுமிச்சை, பூண்டு: வெடித்த தோலில் அரைத்துப் பூசிவிட்டு எரிச்சலோடு கடைக்கு வருகிறவர்கள் உண்டு. பூண்டு கொப்புளமே கிளப்பும்.

எந்த கிரீம் பெஸ்ட்டுக்கா? ஆயிரம் ரூபாய் கிரீமா, சாதா வாசலினா?

நீங்கள் தினமும் தடவுகிற கிரீம்தான் பெஸ்ட். இது சமாளிப்புப் பதில் இல்லை. லோஷன், கிரீம், ஜெல், ஆயின்ட்மென்ட் என்று நாலு வகையையும் 550 குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2022-ல் இங்கிலாந்தில் வெளிவந்தது. எதுவும் மற்றதைவிட மேலாக இல்லை. வாசனை இல்லாதது, பெரிய டப்பாவில் கிடைப்பது, உங்கள் பைக்குக் கட்டுப்படியாவது, இந்த மூன்றும் பாருங்கள். வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி மலிவு, எரியாது, பிசுபிசுக்கும், அவ்வளவுதான். ராத்திரிக்கு அது, பகலுக்குக் கிரீம் என்று வைத்துக்கொள்ளலாம்.

தடவினால் சுள்ளென்று எரிகிறது என்று குழந்தை அழுதால் லேபிளைப் பாருங்கள். யூரியா, லாக்டிக் ஆசிட் இருந்தால் வெடித்த தோலில் எரியும். மாற்றுங்கள்.

எவ்வளவு தடவணும்? டப்பா சீக்கிரம் தீர்ந்துடுதே.

தீர வேண்டும். உடம்பெல்லாம் எக்ஸிமா உள்ள குழந்தைக்கு வாரத்துக்கு 250 முதல் 500 கிராம் வரை கொடுக்கச் சொல்கிறது பிரிட்டனின் அரசு வழிகாட்டுதல். நம் ஊரில் 50 கிராம் டியூபை வாங்கி மூன்று மாதம் ஓட்டிவிட்டு, இதனால் ஒன்றும் ஆகவில்லை என்பார்கள். அரிக்கிற இடத்துக்கு மட்டும் இல்லை, உடம்பு முழுக்க, குறைந்தது ரெண்டு வேளை. தோல் நன்றாக இருக்கிற நாளிலும். முடி வளர்கிற திசையில் மேலிருந்து கீழாகத் தடவுங்கள், அழுத்தித் தேய்க்காதீர்கள். டப்பாவில் கையை விடாமல் ஒரு சுத்தமான ஸ்பூனால் எடுங்கள். கைக்கிருமி உள்ளே போனால் அதையே திரும்பத் தோலில் பூசுகிறோம்.

தேங்காய் எண்ணெய் போதாதா? சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை விட்டுடணுமா?

லேசான வறட்சிக்குச் செக்குத் தேங்காய் எண்ணெய் பரவாயில்லை. குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளிலும் பலன் தெரிந்திருக்கிறது. தடித்து வெடித்திருந்தால் அது மட்டும் போதாது. ஆலிவ் எண்ணெய் ஒசத்தி என்று வாங்காதீர்கள், அது தோலின் பூச்சைக் கெடுக்கும். வடக்கத்தி அக்கம்பக்கத்தினர் சொல்கிற கடுகு எண்ணெயும் அப்படித்தான்.

எண்ணெய்க் குளியலில் பிரச்சினை எண்ணெயில் இல்லை. அதை எடுக்க உடம்பெல்லாம் சீயக்காய், அரப்பு போட்டுத் தேய்ப்பதிலும் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றுவதிலும்தான். சீயக்காய் தலையோடு நிற்கட்டும், அந்தத் தண்ணீர் உடம்பில் வழியாதபடி குனிந்து அலசுங்கள். குளித்த பின் குழந்தைக்குச் சாம்பிராணிப் புகையும் பவுடரும் வேண்டாம், வீசிங் உள்ள குழந்தை என்றால் புகை கண்டிப்பாக வேண்டாம்.

டாக்டர் ஸ்டீராய்டு கிரீம் எழுதிட்டார். தோல் மெலிஞ்சிடும்னு சொல்றாங்களே, பயமா இருக்கு.

பயத்தில் பாதி நியாயம். ஸ்டீராய்டு என்று ஒரே ஒரு மருந்து இல்லை, அதில் படிகள் உண்டு. ஹைட்ரோகார்ட்டிசோன் கீழ்ப்படி. மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன் மேலே. குளோபெட்டசால் உச்சி, ஹைட்ரோகார்ட்டிசோனைவிட 600 மடங்கு வரை வீரியம். உச்சியில் உள்ளதை முகத்தில் மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலியும், நரம்பு தெரியும், முடி முளைக்கும், பரு கிளம்பும். சரியான படியில், சரியான இடத்தில், டாக்டர் சொன்ன நாள்வரை போட்டால் இந்தத் தொல்லை அரிது.

நான் அதிகம் பார்க்கிற தவறு பயத்தால் வருவது. மூன்று நாள் துளித்துளியாகப் போடுவார்கள், கொஞ்சம் அடங்கியதும் நிறுத்துவார்கள், பத்து நாளில் திரும்பும். முழுசாக அடங்காத நெருப்பு திரும்பப் பற்றுகிறது, அவ்வளவுதான். தடவினால் வழுவழுவென்று ஆகும்வரை போட வேண்டும் என்பதுதான் பொதுவான கணக்கு. எத்தனை நாள் என்பதை டாக்டர் சொல்வார். அடிக்கடி ஒரே இடத்தில் வருகிறவர்களுக்கு, ஆறிய பிறகும் வாரத்தில் ரெண்டு நாள் அங்கே போடச் சொல்வதுண்டு. சீட்டில் அப்படி எழுதியிருந்தால் டாக்டர் மறதியாக எழுதிவிட்டார் என்று நினைக்காதீர்கள்.

'மெல்லிசா தடவுங்க'ன்னு எழுதியிருக்கு. மெல்லிசான்னா எவ்வளவு? மாய்ஸ்சரைசருக்கு முன்னாடியா பின்னாடியா?

பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் கோடுவரை டியூபிலிருந்து பிதுக்குங்கள். அது சுமார் அரை கிராம். விரல்களோடு சேர்த்து ரெண்டு உள்ளங்கை அகலத்துக்கு அது போதும். ஒன்று, ரெண்டு வயதுக் குழந்தையின் ஒரு கை முழுவதற்கும் ஒன்றரை விரல் அளவு. பெரியவர்களின் ஒரு காலுக்கு ஆறு. எது முன்னால், எது பின்னால் என்பது பெரிய விஷயம் இல்லை. நடுவில் அரை மணி நேர இடைவெளி விடுங்கள். ரெண்டையும் குழைத்து ஒன்றாகப் பூசாதீர்கள்.

பக்கத்து வீட்டு அண்ணன் ஒரு டியூப் குடுத்தார். போட்டதும் அரிப்பு நின்னுடுச்சு. அதையே குடுங்க.

அந்த டியூபை இந்தப் பக்கம் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். பெரும்பாலும் வீரியமான ஸ்டீராய்டு ஒன்று, படர்தாமரைக் காளானைக் கொல்கிற மருந்து ஒன்று, ஆன்டிபயாட்டிக் ஒன்று, எல்லாம் ஒரே டியூபில். என்ன வியாதி என்று தெரியாமலே எல்லாவற்றையும் அடிக்கிற கலவை. அரிப்பு நிற்பது ஸ்டீராய்டால். உங்களுக்கு இருந்தது படர்தாமரை என்றால் அரிப்பு மட்டும் மறைந்து, உள்ளே அது பரவிக்கொண்டிருக்கும். பிறகு வட்டமும் தெரியாது, டாக்டரும் குழம்புவார், மருந்துக்கும் மசியாது.

தோலில் தடவுகிற ஸ்டீராய்டுகள் பலவற்றை மத்திய அரசு 2018-ல் ஷெட்யூல் எச் விதிக்குள் கொண்டுவந்தது. சீட்டில்லாமல் நான் கொடுக்கக் கூடாது. வேறு கடையில் கிடைக்கிறதே என்பீர்கள். கிடைக்கிறதுதான். கலப்படக் களிம்புகளும் அப்படித்தான் கிடைக்கின்றன. லேபிள் இல்லாத டப்பாவில் நாட்டு மருந்து என்று தருகிறதை, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் குழந்தைக்குப் போடாதீர்கள். சித்த மருந்து எடுக்க விரும்பினால் பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடம் போங்கள், நடக்கிற மருந்துகளையும் அவரிடம் சொல்லுங்கள்.

ஒரு ஊசி போட்டா சரியாயிடும்னு கிளினிக்ல சொன்னாங்க.

சரியாகும், சில வாரத்துக்கு. ஸ்டீராய்டு ஊசியோ மாத்திரையோ நிறுத்தியதும் முன்னைவிட அதிகமாகத் திரும்பும் ஆபத்து உண்டு. தோல் டாக்டர் யோசித்துக் கொடுத்தால் வேறு விஷயம். வழக்கமாகப் போட்டுக்கொள்கிற மருந்து அது இல்லை.

கரப்பான் பண்டம் எதையும் குடுக்கக் கூடாதுன்னு அத்தை சொல்றாங்க. கத்தரிக்காய், கருவாடு, முட்டை எல்லாம் நிறுத்திட்டோம். குழந்தை இளைச்சுப் போயிட்டா.

பெரும்பாலான எக்ஸிமாவுக்குச் சாப்பாடு காரணம் இல்லை. எக்ஸிமா தானாகவே ஏறி இறங்கும். ஏறின நாளில் தட்டில் என்ன இருந்ததோ அதன் மேல் பழி விழுகிறது. எல்லாவற்றையும் நிறுத்தி, வளர்கிற குழந்தையை மெலிய விடுவது எக்ஸிமாவைவிடக் கெடுதல். பால் கொடுக்கிற அம்மாவும் காரணமில்லாமல் பத்தியம் இருக்க வேண்டாம்.

நிஜமான அலர்ஜி வேறு மாதிரி இருக்கும். முட்டை, பால், வேர்க்கடலை சாப்பிட்ட சில நிமிடத்திலிருந்து ரெண்டு மணி நேரத்துக்குள் உதடு வீங்கும், தடிப்புத் தடிப்பாக எழும்பும், வாந்தி வரும், மூச்சு வாங்கும். அப்படி நடந்திருந்தால், அல்லது கைக்குழந்தைக்கு எக்ஸிமா எதற்கும் அடங்காமல் கடுமையாக இருந்தால், டாக்டரிடம் பேசிச் சோதனை செய்யுங்கள். நீங்களாகவே லேபில் போய் நூறு பொருளுக்கு ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு வராதீர்கள். அதில் பாசிட்டிவ் என்று வருகிற பல உணவுகளைக் குழந்தை நன்றாகவே சாப்பிட்டுக்கொண்டிருக்கும்.

ஒரு கொசுறு: வேர்க்கடலையைத் தள்ளிப்போட்டால் அலர்ஜி வராது என்று முன்பு சொல்வார்கள். 2015-ல் லண்டனிலிருந்து வந்த ஆய்வு அதைத் தலைகீழாக்கியது. கடுமையான எக்ஸிமா உள்ள கைக்குழந்தைகளுக்குச் சீக்கிரமே கொடுத்ததில்தான் அலர்ஜி குறைந்தது. உங்கள் குழந்தைக்கு எப்போது, எப்படி என்பதை டாக்டரிடம் கேட்டுத்தான் தொடங்க வேண்டும்.

ராத்திரி முழுக்கச் சொறியறான். யாருக்கும் தூக்கம் இல்ல.

நகத்தை ஒட்ட வெட்டுங்கள். படுக்கும் முன் கெட்டியாக மாய்ஸ்சரைசர், கம்பளிப் போர்வைக்கு அடியில் ஒரு பருத்தித் துணி. 'சொறியாதே' என்று அதட்டினால் மறைந்து சொறிவான். அரிக்கிற இடத்தை உள்ளங்கையால் அழுத்தவோ, ஈரத்துணியை ஒற்றவோ பழக்குங்கள். ரொம்ப மோசமான இரவுகளில் மாய்ஸ்சரைசர் தடவி, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பருத்தி பனியன், அதன் மேல் உலர்ந்த பனியன் போடலாம். குளிர் நடுக்கம் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சீழோ நீரோ வடிகிற தோலில் இதைச் செய்யக் கூடாது. அலர்ஜி மாத்திரை தூக்கம் வரவழைக்குமே தவிர எக்ஸிமா அரிப்பைப் பெரிதாகக் குறைக்காது.

ஸ்வெட்டர், மங்கி கேப் போடாம காலையில ஸ்கூலுக்கு அனுப்ப முடியாதே?

போடுங்கள். கம்பளி நேராகத் தோலில் படாமல் உள்ளே முழுக்கைப் பருத்திச் சட்டை, தலைக்கு உள்ளே மெல்லிய பருத்தித் துணி. மதியம் வெயில் ஏறியதும் கழற்றச் சொல்லிக்கொடுங்கள். வேர்த்தால் அதுவும் அரிக்கும். புதுத் துணியை ஒரு தடவை துவைத்த பிறகே உடுத்துங்கள். துவைக்கும்போது அலசலை ஒரு தடவை கூட்டுங்கள், வாசனைத் திரவத்தை விட்டுவிடுங்கள். பட்டுத் துணி உள்ளாடை நல்லது என்று விற்கிறார்கள், ஆய்வில் அதற்குப் பலன் தெரியவில்லை.

எனக்குக் கையில மட்டும்தான். நாலு வீட்ல பாத்திரம் தேய்க்கிறேன். வேலையை விட முடியுமா?

விட முடியாது, தெரியும். ரப்பர் கையுறைக்குள் மெல்லிய பருத்திக் கையுறை போடுங்கள். வெறும் ரப்பர் உள்ளே வேர்த்து இன்னும் கெடும். மோதிரத்தைக் கழற்றிவிட்டு வேலை செய்யுங்கள், அதன் அடியில் சோப்புத் தங்கும். ஒவ்வொரு வீட்டு வேலை முடிந்ததும் கையை ஒற்றி ஜெல்லி தடவுங்கள். சின்ன டப்பா ஒன்று பையில் இருக்கட்டும். பூண்டு உரிப்பதும் தக்காளி நறுக்குவதும் வெறுங்கையில் வேண்டாம்.

கை எக்ஸிமாவுக்கு வேலைதான் முதல் சந்தேகம். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து வந்து கட்டட வேலை செய்கிற அண்ணன்களுக்குச் சிமென்டில் உள்ள குரோமேட் ஒத்துக்கொள்ளாமல் போகும். கே.ஆர். மார்க்கெட்டில் பூக்கட்டுகிற அக்காக்களுக்குச் சாமந்தியும் செண்டுப்பூவும். நெற்றியில் மட்டும் என்றால் ஸ்டிக்கர் பொட்டின் பசை, காது மடலில் என்றால் கவரிங் நகையின் நிக்கல், தலையோரத்தில் என்றால் ஹேர் டை. இவையெல்லாம் ஒவ்வாமையால் வருகிற தொடு எக்ஸிமா. முதுகில் பட்டை ஒட்டிப் பார்க்கிற பேட்ச் டெஸ்டில் எது என்று தெரியும். பெரிய ஆஸ்பத்திரிகளின் தோல் பிரிவில் கேட்டுப்பாருங்கள். அரசு ஆஸ்பத்திரிதான் கட்டுப்படியாகும் என்றால் சிவாஜிநகர் பவுரிங்கில் தோல் பிரிவு இருக்கிறது.

அப்பாவுக்கு அறுபது வயசு. இப்பதான் முகத்துல, கழுத்துல வந்திருக்கு. மழைக்கு அப்புறம் அதிகமாகுது.

வீட்டுப் பக்கத்தில் காலி சைட் இருக்கிறதா பாருங்கள். வெள்ளை வெள்ளையாகச் சின்னப் பூவோடு இடுப்பளவு நிற்கிற பார்த்தீனியம், காங்கிரஸ் செடி என்பார்களே, அது பெங்களூரில் தோல் டாக்டர்களுக்கு நன்றாகத் தெரிந்த எதிரி. அமெரிக்கக் கண்டத்துச் செடி. இந்தியாவில் 1950-களில் புனே பக்கம் கண்ணில் பட்டது, பிறகு நாடு முழுக்கப் பரவியது. அதன் தூள் காற்றில் வந்து முகம், மேல் இமை, கழுத்து, முழங்கை மடிப்பில் படிகிறது. காய்ந்த செடியும் விடாது. சாமந்தியும் இதே குடும்பம் என்பதால் ஒன்று ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மற்றதும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

அறுபதில் புதிதாக வந்ததைப் பரம்பரை எக்ஸிமா என்று எடுத்துக்கொள்ளாமல் டாக்டரிடம் காட்டுங்கள். அதுவரை வாக்கிங் பாதையை மாற்றுங்கள், முழுக்கைச் சட்டை, வந்ததும் முகம் கழுவுதல், துணியை அந்தப் பக்கத்து பால்கனியில் காயப்போடாதது. செடியை வெறுங்கையால் பிடுங்க அவரை அனுப்பாதீர்கள்.

எக்ஸிமா ஆறின இடத்துல வெள்ளைத் திட்டு. கால்சியம் குறைவா? வயித்துல பூச்சியா? இல்ல கிரீமாலயா?

மூன்றும் பெரும்பாலும் இல்லை. கன்னத்தில் தேமல் மாதிரி வருகிற இந்தத் திட்டு வறண்ட தோல் விட்டுப்போகிற அடையாளம். வெயிலில் சுற்றி இருக்கிற தோல் கறுக்கும்போது இன்னும் எடுப்பாகத் தெரியும். மாய்ஸ்சரைசர் போதும், நிறம் திரும்ப மாதங்கள் ஆகும். கறுப்புத் தழும்பும் அப்படித்தான். சிவப்பழகு கிரீம் போட்டு அவசரப்படுத்தாதீர்கள். பால் வெள்ளையாக, ஓரம் தெளிவாக இருந்தால் மட்டும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

திடீர்னு எக்ஸிமா மேலயே கொப்புளம், காய்ச்சல். அம்மை போட்டிருக்கு, மருந்து குடுக்கக் கூடாதுன்னு வீட்ல சொல்றாங்க.

இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைப் படிப்பதென்றால் இதைப் படியுங்கள். எக்ஸிமா உள்ள தோலில் ஹெர்பிஸ் கிருமி புகுந்தால் ஒரே அளவில் கொத்துக் கொத்தாகக் கொப்புளம் வரும், உடைந்து ஊசியால் குடைந்த மாதிரிக் குழியாகும், வலிக்கும், காய்ச்சல் அடிக்கும். பார்க்க அம்மை மாதிரியே இருக்கும். வாயோரம் புண் உள்ள பெரியவர் குழந்தையைக் கொஞ்சினாலே வரலாம். இதற்கு அசைக்ளோவிர் மருந்து உண்டு. தாமதித்தால் உயிருக்கே ஆபத்து, கண் பக்கம் என்றால் பார்வைக்கும். வேப்பிலை கட்டுவதைக் கட்டுங்கள், மாரியம்மனுக்கு வேண்டிக்கொள்ளுங்கள், ஆனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அதன் மேல் ஸ்டீராய்டு தடவாதீர்கள்.

தேன் நிறத்தில் பொருக்கு கட்டி நீர் வடிந்தால் அது பாக்டீரியா. அதற்கும் டாக்டர்தான், ஆனால் ராத்திரியோடு ராத்திரியாக ஓட வேண்டியதில்லை, மறுநாள் போதும். காய்ச்சலும் இருந்தால் காத்திருக்காதீர்கள்.

வளர்ந்தா போயிடுமா? கல்யாணத்துக்கு முன்னாடி சரியாயிடுமா?

பல குழந்தைகளுக்கு வளர வளரக் குறைந்துவிடும். சிலருக்குப் பெரியவர்களானதும் கையிலோ இமையிலோ திரும்ப வரும். தேதி சொல்ல யாராலும் முடியாது. மூன்றே மாதத்தில் வேரோடு போகும் என்று போர்டு வைத்திருக்கிற இடத்தில் காசைக் கொட்டாதீர்கள்.

தீபாவளி நேரத்துல கிரீம் தடவிக்கிட்டு விளக்கு ஏத்தலாமா? யாரோ தீப்பிடிக்கும்னு சொன்னாங்க.

சொன்னவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். கிரீம் தோலில் இருப்பதால் தோல் பற்றிக்கொள்ளாது. ஆனால் தினமும் மாய்ஸ்சரைசர் ஊறுகிற பனியன், துப்பட்டா, கட்டு, போர்வை ஆகியவை சீக்கிரம் தீப்பிடித்து வேகமாக எரியும். பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-ல் இதைப் பற்றி எச்சரித்தது. பெட்ரோலியம் ஜெல்லி மட்டும் இல்லை, மற்ற கிரீம்களும் அப்படித்தான். துவைத்தாலும் முழுசாகப் போகாது. அதனால் விளக்கேற்றும்போதும், கேஸ் அடுப்பிலும், பட்டாசு வெடிக்கும்போதும், அந்தத் துணிகளை மாற்றிவிட்டு, கிரீம் படாத, உடம்போடு ஒட்டிய பருத்தி உடை போடுங்கள். பிசுக்கேறிப் போன பழைய பனியனையும் தலையணை உறையையும் தூக்கிப் போட்டுவிடுங்கள். அடுப்படியில் கைப்பிடித் துணியாக மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள்.